பஃபலோவில் பனியைத் தோண்டி உட்கார்ந்து பார்த்த ஆட்டம்

ஜனவரி 12, 2024, வெள்ளி

காலை பத்தரைக்குக் கொலம்பஸிலிருந்து கிளம்பினோம், நானும் அலுவலக நண்பனும். அவனுக்குச் சொந்த ஊர் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க். அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடும் பஃபலோ பில்ஸ் அணியின் ஸ்டேடியமும் அங்கேதான். செப்டம்பரிலிருந்து ஞாயிறு தவறாமல் அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் இந்த சீசனைப் பார்த்தேன். ஓஹாயோவில் சுற்றியிருக்கிறவர்கள் எல்லாம் அந்த மாநிலத்து அணிகளான பிரவுன்ஸ், இல்லையென்றால் பெங்கால்ஸ் பக்கம். எனக்கு பில்ஸ் ஒட்டிக்கொண்டது முழுக்க அவனால்தான். "பிளேஆஃப் ஆட்டம் எங்க ஊர்ல வந்தா உன்னைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்" என்று நவம்பர் கடைசியில் சொன்னான். அப்போது அணி 6 வெற்றி, 6 தோல்வி என்று நின்றது, அந்தப் பேச்சை நம்ப ஒரு காரணமும் இல்லை.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு அணிக்கு சீசனில் மொத்தம் 17 ஆட்டம்தான், வாரத்துக்கு ஒன்று. 32 அணிகளில் 14 பிளேஆஃபுக்குப் போகும், அங்கே ஒரு ஆட்டம் தோற்றால் சீசன் முடிந்தது. ஆட்டங்கள் இவ்வளவு குறைவு என்பதால் ஒரு தோல்வி வந்தால் அடுத்த ஞாயிறு வரை அது நெஞ்சிலேயே கிடக்கும்.

கிளீவ்லாண்ட் தாண்டும்வரை மழை, ஈரி ஏரிக்கரை ஓரமாகப் போகும்போது காரைப் பக்கவாட்டில் தள்ளுகிற காற்று. சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்ததும் நண்பனின் அப்பா பையைக்கூட இறக்கவிடவில்லை, நேராக மீன் சாப்பிடக் கூட்டிப் போனார். இங்கே வெள்ளிக்கிழமை என்றால் மீன் வறுவல்தான், கத்தோலிக்கர்கள் அதிகம் இருக்கிற ஊரில் வந்த வழக்கம். தட்டைவிட நீளமான ஹாடக் மீன், மாவில் தோய்த்துப் பொரித்தது, பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட், மக்ரோனி சாலட், முட்டைக்கோஸ், ஒரு துண்டு ரை ரொட்டி. 18 டாலர். பாதி சாப்பிடுவதற்குள் வயிறு நிறைந்துவிட்டது. பரிமாறிய அம்மா என் புது பில்ஸ் தொப்பியைப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை போறியா? அந்தத் தொப்பி பத்தாது, காதை மூடுற மாதிரி வாங்கு" என்றார். அப்புறம் பில்லோடு கை சூடாக்கும் பொட்டலம் இரண்டையும் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 13, சனி

ஆட்டம் ஞாயிறு பகல் ஒரு மணிக்கு, எதிரணி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். காலையிலிருந்து வீட்டில் யாரும் தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. நியூயார்க் மாநில கவர்னர் கேத்தி ஹோக்குல் வந்து, பனிப்புயல் வருவதால் ஆட்டம் திங்கட்கிழமை மாலை நாலரைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவித்தார். திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், விடுமுறை. செவ்வாய்க்கு மட்டும் மேனேஜருக்கு எழுதி லீவு கேட்டேன், ஒரே வரியில் சரி என்று பதில் வந்தது.

நான் சும்மா இல்லாமல், "பனியில விளையாடுறது இவங்களுக்குப் பழக்கம்தானே, எதுக்குத் தள்ளி வைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் 2022 கிறிஸ்துமஸ் புயலைப் பற்றிச் சொன்னார். இந்த மாவட்டத்தில் மட்டும் 40 பேருக்கு மேல் செத்துப் போனார்கள், காருக்குள் சிக்கியவர்கள், தெருவில் நடந்து விழுந்தவர்கள், ஆம்புலன்ஸ் வர முடியாமல் வீட்டுக்குள்ளேயே போனவர்கள். "எழுபதாயிரம் பேரை ரோட்டுல விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு" என்றார். கேட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது.

இந்தப் பனிக்கு இங்கே லேக் எஃபெக்ட் என்று பேர். ஏரி இன்னும் உறையவில்லை, தண்ணீரில் சூடு மிச்சமிருக்கிறது. மேற்கு, தென்மேற்கிலிருந்து வருகிற குளிர்காற்று ஏரியின் நீளவாக்கில் ஓடும்போது அந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வந்து, கரையேறியதும் பட்டையாகக் கொட்டிவிடும். பட்டை சில மைல் அகலம்தான். அதனால் நகரத்தின் வடக்கே வெயில் அடிக்கும், தெற்கே எதிர்வீடு தெரியாது. ஆர்ச்சர்ட் பார்க் இந்தப் பட்டை அடிக்கடி வந்து விழுகிற இடத்தில் இருக்கிறது. 2022 நவம்பரில் ஆறு அடிக்கு மேல் கொட்டி, ஒரு ஹோம் ஆட்டத்தையே டெட்ராய்ட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

மதியம் மழை பனியாக மாறியது. காற்று மணிக்கு 60 மைலைத் தொட்டது, ஜன்னல் சட்டம் இரவெல்லாம் முனகிக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் மாவட்டம் முழுக்க யாரும் வண்டி ஓட்டக்கூடாது என்று தடை. அன்றிரவு கான்சஸ் சிட்டியில் மைனஸ் 20 டிகிரியில் சீஃப்ஸ் மியாமியை 26-7 என்று வீழ்த்தியதைப் பார்த்தோம். சீஃப்ஸ் முகத்தைப் பார்த்ததும் நண்பனின் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். 2020, 2021 இரண்டு சீசனிலும் பில்ஸை பிளேஆஃபில் வெளியே அனுப்பியது அவர்கள்தான்.

ஜனவரி 14, ஞாயிறு

வாசல் கதவைத் திறந்தால் இடுப்பளவு வெள்ளைச் சுவர், அதில் கதவின் செதுக்கல் வடிவம் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. காரைக் காணவில்லை. அப்பா கேரேஜிலிருந்து மூன்று மண்வாரிகளை எடுத்துக் கொடுத்தார், மூன்று மணி நேரம் தள்ளினோம். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கு, வாரியைப் பாதிக்கு மேல் நிரப்பாதே, காற்று போகிற பக்கம் எறி என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். எதிர்வீட்டில் வயதான ஒரு பெண்மணி தனியாக இருக்கிறார். அவர் வாசலையும் சேர்த்தே செய்தோம், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கதவைத் திறந்து ஒரு டப்பா நீட்டினார். ஸ்பாஞ்ச் கேண்டி, இந்த ஊர் மிட்டாய். வெளியே சாக்லேட், உள்ளே தேன்கூடு மாதிரி காற்றோட்டமான சர்க்கரைப் பாகு, கடித்தால் நொறுங்கி நாக்கில் கரைந்துவிடுகிறது.

மத்தியானம் அம்மா கோழி இறக்கை பொரித்தார். பஃபலோ விங்ஸ் என்று உலகமெல்லாம் விற்பது 1964-ல் இந்த நகரத்தின் ஆங்கர் பாரில் தெரெஸா பெல்லிசிமோ செய்து ஆரம்பித்தது என்பார்கள். இங்கே அதற்குப் பேர் வெறும் விங்ஸ். மாவு கிடையாது, அப்படியே எண்ணெயில் போட்டு மொறுமொறுப்பாக எடுத்து, மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்த சூடான பாத்திரத்தில் போட்டுக் குலுக்க வேண்டியதுதான். தொட்டுக்கொள்ள புளூ சீஸ், கடிக்க செலரித் தண்டு. அந்தக் காரமும் புளிப்பும் வெண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும்போது வெளியே அடிக்கிற புயல் மறந்தே போகிறது. நான் இருபதுக்கு மேல் சாப்பிட்டேன், அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

வெளியே போக வழியில்லை, பேச்சு முழுக்க சீசன்தான். செப்டம்பர் 11 முதல் ஆட்டத்திலேயே ஜெட்ஸிடம் ஓவர்டைமில் தோல்வி. அக்டோபர் 1-ல் மியாமியை 48-20 என்று நொறுக்கிய அன்றே ட்ரேடேவியஸ் ஒயிட்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த வாரம் லண்டனில் மாட் மிலானோவின் கால் உடைந்தது. தற்காப்பின் முதுகெலும்பு இரண்டும் ஏழு நாளில் போய்விட்டன. நவம்பர் 13 டென்வர் ஆட்டத்துக்கு அப்பா நேரில் போயிருந்தார். கடைசி விநாடியில் எதிரணிக்காரர் உதை (இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் மூன்று புள்ளி) தவறிவிட்டது, ஸ்டேடியமே துள்ளுகிறது, பார்த்தால் களத்தில் பில்ஸ் ஆட்கள் 11-க்குப் பதில் 12 பேர். மறுபடி உதைக்க விட்டார்கள், உள்ளே போனது, 24-22 தோல்வி. மறுநாள் தாக்குதல் பயிற்சியாளர் கென் டார்ஸியை நீக்கினார்கள். அதன்பிறகு ஃபிலடெல்ஃபியாவிடம் இன்னொரு ஓவர்டைம் தோல்வி. அங்கிருந்து ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, கடைசி நாளில் மியாமிக்கே போய் 21-14 என்று பிரிவின் முதலிடத்தைப் பிடித்தார்கள். அந்த ஆட்டத்தில் டியோன்டே ஹார்ட்டி பந்தை எடுத்துக்கொண்டு 96 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) ஓடியதை அப்பா எழுந்து நின்று நடித்துக் காட்டினார்.

அவரிடம் நான் கேட்க நினைத்தது 1991 பற்றி. சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதிப் போட்டி, எட்டு விநாடி மிச்சம், பில்ஸ் ஒரு புள்ளி பின்னால், 47 யார்டிலிருந்து ஸ்காட் நார்வுட் உதைக்கிறார். பந்து கம்பத்துக்கு வலப்பக்கம் விலகிப் போய்விட்டது. 20-19. அதோடு சேர்த்து வரிசையாக நாலு வருஷம் இறுதிப் போட்டிக்குப் போய் நாலும் தோல்வி, இன்று வரை கோப்பை இல்லை. "வலப்பக்கம்" என்று சொன்னாலே இந்த ஊரில் எல்லாருக்கும் புரியும்.

"மறுநாள் நயாகரா சதுக்கத்துக்கு அணி வந்தது, நானும் போனேன்" என்றார். இருபதாயிரத்துக்கு மேல் கூட்டம், ஜனவரிக் குளிர். ஒவ்வொரு ஆட்டக்காரராகப் பேச வருகிறார்கள், நார்வுட் பின்னால் ஒதுங்கி நிற்கிறார். கூட்டத்தில் யாரோ ஆரம்பித்தார்கள், எங்களுக்கு ஸ்காட் வேணும், எங்களுக்கு ஸ்காட் வேணும் என்று. சதுக்கம் முழுக்க அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டது. அவர் முன்னால் வந்தார், கண் கலங்கிப் பேசினார். அப்பா இதைச் சொல்லும்போது கையிலிருந்த செலரித் தண்டைச் சின்னச் சின்னதாக ஒடித்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டே இருந்தார், ஒன்றையும் சாப்பிடவில்லை.

ராத்திரி டெட்ராய்ட் லயன்ஸ் ராம்ஸை 24-23 என்று ஜெயித்தது. 1992 ஜனவரிக்கு அப்புறம் அவர்களுக்கு இதுதான் முதல் பிளேஆஃப் வெற்றி. திரையில் டெட்ராய்ட்காரர்கள் அழுவதைப் பார்த்து அம்மாவும் அழுதார்.

ஜனவரி 15, திங்கள்

காலையில் தடையைத் தளர்த்தினார்கள். ஸ்டேடியம் முழுக்கப் பனி, அள்ள ஆள் வேண்டும், மணிக்கு 20 டாலரும் சாப்பாடும் உண்டு என்று அணி கேட்டிருந்தது. நண்பனின் அக்கா மகன் விடிவதற்கு முன்பே வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்கும் போக ஆசை. ஆனால் என் விசாவில் வேறு இடத்தில் கூலி வாங்கி வேலை செய்யக்கூடாது, விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். வெயில், மைனஸ் எட்டு டிகிரி. ஸ்டேடியம் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியில் கார் நிறுத்த இடம் விடுவார்கள், ஆளைப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு. எங்களுக்கு 40 டாலர். அந்த வீட்டுக்காரர் பனியில் சதுரம் சதுரமாக வெட்டி இடம் ஒதுக்கியிருந்தார், ஒரு சதுரம் ஒரு கார். எங்கள் கார் சறுக்கி நின்றதும் நாலு பேர் கூப்பிடாமலே வந்து பின்னால் தள்ளினார்கள், இரண்டு பேர் ஸ்டீலர்ஸ் சட்டை போட்டவர்கள். ஒரு பழைய பில்ஸ் வேனின் பின்கதவில் அடுப்பு மூட்டியிருந்தவர் என் கையில் ஒரு சாசேஜைத் திணித்தார், காசு கொடுக்கப் போனால் முறைத்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் புது ஸ்டேடியம் கட்ட வெட்டிய பெரிய பள்ளமும் கிரேன்களும். 1973-ல் திறந்த இந்தப் பழைய ஸ்டேடியம் இன்னும் கொஞ்ச காலம்தான்.

வாசலில்தான் எனக்குப் பிரச்சினை வந்தது. டிக்கெட் எல்லாம் இப்போது ஃபோனில்தான், மறுவிற்பனையில் 115 டாலர் கொடுத்து வாங்கியது. வரிசையில் 20 நிமிஷம் ஃபோனைக் கையிலேயே பிடித்திருந்தேன், குளிரில் 60 சதவீதம் சார்ஜ் இருந்த ஃபோன் பட்டென்று அணைந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் உள்ளே போயாயிற்று. கை நடுங்குகிறது, பட்டனை அமுக்குகிறேன், ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற நடுவயதுப் பெண் என்னிடம் கேட்கக்கூட இல்லை, ஃபோனை வாங்கித் தன் கோட்டின் ஜிப்பை இறக்கி உள்ளே வைத்துக்கொண்டார், கூடவே ஒரு கை சூடாக்கும் பொட்டலத்தையும் அதோடு சேர்த்து வைத்தார். "அஞ்சு நிமிஷம் இரு, செத்துப் போகல, குளிருதுதான்" என்றார். தன் குடும்பத்தை உள்ளே அனுப்பிவிட்டு என்னோடு ஓரமாக நின்றார். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஃபோன் உயிரோடு இருந்தது, 41 சதவீதம். ஸ்கேன் ஆகும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். நன்றி என்று மூன்று தடவை சொன்னேன், பேர் கேட்கத் தோன்றவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

உள்ளே போனால் எங்கள் வரிசையே இல்லை. நடைபாதையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள், அவ்வளவு பனியை இரண்டு நாளில் எடுக்க யாராலும் முடியாது. அவரவர் இருக்கையை அவரவர் கையால், காலால், அட்டையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நண்பனின் அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டித் துண்டைக் காலடியில் போட்டார். கான்கிரீட்டில் நேராக நின்றால் குளிர் உள்ளங்கால் வழியாக ஏறிவிடும், அட்டை மேல் நின்றால் தாங்கலாம். நாற்பது வருஷ அனுபவம் அது, மூன்று மணி நேரம் என் கால் மரத்துப் போகவில்லை.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பில்ஸின் டாசன் நாக்ஸ் டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் ஆறு புள்ளி), அப்புறம் டால்டன் கின்கெய்ட். ஒவ்வொரு டச்டவுனுக்கும் ஸ்டேடியம் முழுக்க ரெண்டு கையாலும் பனியை அள்ளி வானத்தில் வீசுகிறார்கள். எழுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வீசினால் எதிர்ப்பக்கம் மறைந்தே போகிறது, மெதுவாக விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு இறங்குகிறது. இரண்டாம் குவார்ட்டரில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பந்தை எறியப் பின்னால் போனவர், இடைவெளியைப் பார்த்ததும் தானே ஓட ஆரம்பித்து 52 யார்டு, ஒருத்தராலும் தொட முடியவில்லை. தொலைக்காட்சியில் அவரைப் பார்க்கும்போது இவ்வளவு பெரிய உடம்பு என்று தெரியாது. நேரில் அது ஓடிவருவது வேறு. 21-0. முன்வரிசையில் யாரென்றே தெரியாத ஒரு தாத்தா திரும்பி என்னைக் கட்டிப்பிடித்தார்.

இடைவேளைக்கு முன் பில்ஸுக்காக உதைக்கிற டைலர் பாஸ் உதைத்ததை ஸ்டீலர்ஸ் மறித்துவிட்டார்கள், அதிலிருந்து அவர்களுக்கு ஒரு டச்டவுன். பிற்பாதியில் 24-17 வரை வந்துவிட்டார்கள், எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள், டென்வர் ஆட்டம் எல்லார் மனசிலும் இருந்திருக்கும். கடைசியில் கலீல் ஷகீர் பந்தைப் பிடித்து, விழப்போய், எழுந்து, ஆட்களை உதறிவிட்டு 17 யார்டு போனார். 31-17. நாங்கள் வெளியே வரும்போது துப்புரவு செய்த அக்கா மகன் வாசலில் காத்திருந்தான், கை இரண்டிலும் கொப்புளம், முகம் முழுக்கச் சிரிப்பு.

ஜனவரி 16, செவ்வாய்

மறுபடியும் பனி வரப்போகிறது என்றார்கள், காலையிலேயே கிளம்பிவிட்டோம். வழியில் ஒரு சின்னக் கடையில் பீஃப் ஆன் வெக். மேலே கல் உப்பும் சோம்பு மாதிரியான கேரவே விதையும் ஒட்டிய பன், உள்ளே மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி, மேல் மூடியை இறைச்சிச் சாற்றில் ஒரு முக்கு. அதற்குள் வைக்கிற ஹார்ஸ்ராடிஷ் மூக்கு வழியாக மண்டைக்கு ஏறுகிறது. 14 டாலர். எங்கள் சட்டையைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் காபிக்குக் காசு வாங்கவில்லை. ஈரி தாண்டியதும் சாலை காய்ந்துவிட்டது, நண்பன் தூங்கிவிட்டான், நான் ஓட்டினேன்.

ஜனவரி 21, ஞாயிறு

கொலம்பஸில், அதே சோபா. சீஃப்ஸ் ஆர்ச்சர்ட் பார்க்குக்கு வந்தார்கள், அவர்களுடைய குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ், சூப்பர் பவுலை விட்டால், எதிரணி ஊரில் விளையாடும் முதல் பிளேஆஃப் ஆட்டம். 27-24, பில்ஸ் பின்னால், 1:43 நிமிஷம் பாக்கி. 44 யார்டு. டைலர் பாஸ் உதைத்தார். வலப்பக்கம்.

நண்பன் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. அரை மணி கழித்து அப்பாவுக்கு ஃபோன் போட்டான். அவர் ஸ்டேடியத்திலிருந்து இன்னும் வீட்டுக்கு வரவில்லை, அம்மாதான் எடுத்தார். "அந்தப் பையன் எப்படி இருக்கானோ" என்றார், பாஸைத்தான் சொன்னார்.

ஜனவரி 25, வியாழன்

இதை எழுத இன்னொரு காரணம் வந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததிலிருந்து முகம் தெரியாதவர்கள் பாஸைக் கண்டபடி எழுதி, மிரட்டி, அவர் தன் சமூக வலைதளக் கணக்குகளையே மூடிவிட்டார். அவர் முன்பு ஆதரவு கொடுத்த பூனைக் காப்பகம் ஒன்று அங்கே இருக்கிறது, டென் லைவ்ஸ் கிளப் என்று பேர். அவர்கள், பாஸைத் திட்டாதீர்கள் என்று ஒரு பதிவு போட்டார்கள். அதைப் பார்த்து பில்ஸ் ரசிகர்கள் அவர் பேரில் காப்பகத்துக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள், பலரும் 22 டாலர், அவர் சட்டை எண் 2 என்பதால். 2020-ல் ஜாஷ் ஆலனின் பாட்டி இறந்தபோது இதே மாதிரி அவருடைய எண் 17 என்று 17 டாலராக அனுப்பி, குழந்தைகள் மருத்துவமனைக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தவர்கள் இவர்கள். காப்பகத்துக்குச் சில நாளிலேயே ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

இன்று காலை நண்பனின் அம்மா ஃபோன் செய்தார். அப்பா கம்ப்யூட்டரில் பணம் அனுப்ப மாட்டார், கார்டு எண் கொடுக்கப் பயம், அதனால் செக் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கே போனாராம். வாசலில் வரிசை இருந்ததாம். "செக்கோட வந்தவர் ஒரு கிழட்டுப் பூனையையும் தூக்கிட்டு வந்துட்டார், இப்ப அது சோபாவுல உன் இடத்துல படுத்திருக்கு" என்றார். என் 22 டாலரை மத்தியானம் அனுப்பினேன்.